மிதித்தால் நகரும் நட்சத்திரம்: ஆரணிப் பக்கம் ஒரு மாலை

கிறிஸ்துமஸ் விளக்குகள் பார்ப்பதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் அந்த ரகம் இல்லை. சீரியல் செட் என்றாலே மெல்லிய ஒயர், மோசமான இணைப்பு, வீணாகும் மின்சாரம் என்றுதான் என் புத்தி போகும். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துவதன் விளைவாக இருக்கலாம்.

எங்கள் வேதியியல் துறையில் இருக்கும் ஸ்டெல்லாவுக்குச் சொந்த ஊர் ஆரணிப் பக்கம். 2008 டிசம்பரில் ஒருநாள், "எங்க கோயில்ல இந்த வருஷம் லைட்டைத் தறியில ஓட்டறாங்க மேடம்" என்றார். தறியில் துணிதான் ஓடும் என்றேன். "எங்க அண்ணன் ஆரோக்கியம்தான் லைட்டு கமிட்டி. போய்ப் பாருங்க, அப்புறம் பேசலாம்." அவருக்குத் தேர்வுப் பணி, வர முடியவில்லை. எனக்கு விடுப்பு பாக்கி இருந்தது. ஒரு தவறான தகவலை நேரில் திருத்திவிட்டு வரலாம் என்ற எண்ணத்தில் 23ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

கோயம்பேட்டிலிருந்து காலை 10.40க்குப் பேருந்து. காஞ்சிபுரம், செய்யாறு வழி. டிக்கெட் 48 ரூபாய், தூரம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் என்று நடத்துனர் சொன்னார், இறங்கும்போது 2.25. காஞ்சிபுரத்தில் இருபது நிமிடம் நிற்கும். கழிப்பறைக்குப் போவதென்றால் அங்கேயே போய்விடுங்கள், அதற்குப் பிறகு சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

ஆரணி பேருந்து நிலையத்துக்கு எதிர்த் தெருவில் ஒரு விடுதியில் 250 ரூபாய்க்கு அறை. தனியாக வரும் பெண் என்றதும் பதிவேட்டை இரண்டு முறை பார்த்தார்கள். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டியதும் தலையணை உறையைக்கூட மாற்றிக் கொடுத்தார்கள். பக்கத்து உணவகத்தில் 25 ரூபாய்க்கு அளவில்லாச் சாப்பாடு. சோறு உண்மையிலேயே நன்றாக இருந்தது.

ஸ்டெல்லாவின் ஊர் ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு சாலையில் ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ் மூன்று ரூபாய்தான், ஆனால் ஐந்து மணி பஸ் வரவில்லை. ஆட்டோவுக்கு எழுபது ரூபாய் கொடுத்தேன். ஓட்டுநர் நான் கேட்காமலேயே விவரம் சொன்னார்.

"லைட்டு கோயிலுக்கா மேடம்? இன்னிக்கு டெஸ்டிங்குதான். ஓடிச்சுன்னா தறி லைட்டு, ஓடலன்னா வேலூர் லைட்டு."

"வேலூர் லைட்டா?"

"வாடகை பெட்டிங்க. அந்த ஆளு மதியமே டெம்போவுல வந்து குந்திகினு கீறான். ஏழு மணிக்கு முடிவு. அதுக்கு மேல அவன் நிக்க மாட்டானாம், போளூர்ல வேற பார்ட்டி வெயிட்டிங்."

"நீங்கள் எந்தப் பக்கம்?"

"நானா? ஜனம் வந்தா எனக்கு சவாரி. எந்த லைட்டா இருந்தா இன்னா."

கோயில் சிறியது. அதன் முன்னால் மூங்கில் கட்டி, கறுப்புத் துணி போர்த்திய அறுபது அடி நீளத் தடுப்பு. தடுப்பின் வலக்கோடியில், தென்னங்கீற்றுக் கூரை போட்ட குடில். ஆரோக்கியம் ஐம்பது வயதுக்காரர், பம்ப்செட் மோட்டார் பழுது பார்ப்பவர். 1994இல் ஒரே ஒரு காகித நட்சத்திரத்துக்குள் பல்பு போட்டதிலிருந்து இந்தக் கோயிலின் விளக்குப் பொறுப்பு அவருடையது. அவருடைய கூட்டாளி ஏகாம்பரம், ஆரணிக்காரர். பட்டுத் தறிகளுக்கு அட்டை அடித்துக் கொடுப்பவர். புடவையில் வரவேண்டிய பூவையும் கிளியையும் கெட்டி அட்டைகளில் துளைகளாக மாற்றுவது அவர் தொழில். துளை இருக்கும் இடத்தில் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியின் கொக்கி எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. அவ்வளவுதான்.

இருவரும் பதினைந்து வருடங்களாக விளக்கு பார்க்கவே ஊர் சுற்றுகிறவர்கள். மாதா கோயில் திருவிழா, அம்மன் கோயில் தேர், எதையும் விட்டதில்லை. சாமி கும்பிட்டார்களோ இல்லையோ, பல்பை எண்ணியிருக்கிறார்கள். "மாரியம்மனா இருந்தா இன்னா, மாதாவா இருந்தா இன்னா மேடம், பல்பு பல்புதான்" என்றார் ஏகாம்பரம். பல வருடங்கள் செப்புத் தகடு சுற்றிய மர உருளையை ஃபேன் மோட்டாரில் சுழலவிட்டு விளக்கு ஓட்டியிருக்கிறார்கள். உருளை தீய்ந்துபோன பிறகு இரண்டு வருடம் வாடகைப் பெட்டி. அது ஜவுளிக்கடை வாசலில் மினுக்குவது போலவே கோயிலிலும் மினுக்கியதாம். போன வருடம் அதைப் பார்த்துவிட்டு ஏகாம்பரம், "இதுக்கு என் அட்டையே ஓட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஆரோக்கியம் அதற்கு ஜாமீன் நின்றார். ஓடாவிட்டால் விளக்குப் பொறுப்பை விட்டுவிடுவதாகக் கமிட்டியில் எழுதியே கொடுத்திருக்கிறார்.

நான் சந்தேகப் பேர்வழி, அதனால் பெட்டியைப் பார்க்கவேண்டும் என்றேன். ஒரு கொட்டகைக்குள், நூலும் துணியும் இல்லாத ஒரு தறிபோல அது நின்றது: மேலே பழைய ஜக்கார்டு பெட்டி, கீழே ஒரே ஒரு மிதி. மிதித்தால் அட்டை ஒன்று நகரும். எழும்பும் கொக்கி ஒரு ஸ்விட்சைத் தட்டும். ஸ்விட்சு ரிலேயைத் தட்டும், ரிலே அந்த இடத்து விளக்கை எரியவிடும். தடுப்பில் இருபத்து நாலு இடங்கள், இடத்துக்கு நாலு சீரியல் செட், செட்டுக்கு நாற்பது பல்பு. ஆரோக்கியம் நாலாயிரம் பல்பு என்றார், நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். 3,840. பரவாயில்லை. எர்த் ஒயர் எங்கே என்று கேட்டேன், காட்டினார். ஃபியூஸ் தனித்தனியாக இருந்தது. குறை சொல்ல எதுவும் கிடைக்காமல் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆறரைக்கு இருட்டிவிட்டது. இருநூறு பேர் இருக்கலாம். கதை எளிது: பிறந்த குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ராஜாக்கள் நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து குடிலுக்கு வருகிறார்கள். தடுப்பின் இடக்கோடியில் நட்சத்திரமும், அதன் கீழே ஆட்டுக்குட்டி அளவு ஒட்டகத்தில் ராஜாக்களும் எரிய வேண்டும். அது அணைந்து பக்கத்து இடம் எரியும். இப்படியே நகர்ந்து வலக்கோடியில் குடிலுக்கு மேலே வந்து நிற்கும்.

ஏகாம்பரம் மிதித்தார். விளக்கு எரிந்தது. குடிலுக்கு மேலே.

அடுத்த மிதிக்கு நட்சத்திரம் குடிலை விட்டு இடப்பக்கம் இரண்டரை அடி நகர்ந்தது. அதற்கடுத்ததற்கு இன்னும். ராஜாக்கள் ஒட்டகத்தோடு பின்புறமாகவே இடக்கோடி வரை நடந்து போய்விட்டார்கள்.

கூட்டம் முதலில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு ஏகாம்பரத்தின் மனைவி கஸ்தூரியின் குரல்: "இன்னாங்க, ராஜாங்க கொழந்தையப் பாத்துட்டு ஊட்டுக்குத் திரும்பிகினு கீறாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். டெம்போவில் இருந்த வேலூர்க்காரர் டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார். மணி 6.42.

கொட்டகைக்குள் போனபோது ஏகாம்பரம் அட்டைச் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தப்பு என்ன என்பது அவருக்கு அதற்குள் புரிந்திருந்தது. அவர் அட்டை அடித்துக் கொடுக்கும் தறிகளில் புடவையின் நல்ல முகம் கீழே பார்த்தபடி இருக்கும். நெய்பவர் பார்ப்பது பின்பக்கத்தை. அதனால் வலது பக்கம் பார்க்க வேண்டிய கிளியை இடது பக்கம் பார்க்கும்படி அடிப்பார்கள். முப்பது வருடமாக அப்படியே அடித்த கை, ஒட்டகத்தையும் அப்படியே அடித்துவிட்டது.

"பொடவைன்னா மடிச்சிக் காட்டும்போது சரியாயிடும்ப்பா" என்றார், ஆரோக்கியத்தின் முகத்தைப் பார்க்காமல். "செவுத்த எப்படித் திருப்பறது?"

முடிந்தால் உதவலாம் என்று நினைத்து, பெட்டியில் முதல் ஒயரைக் கடைசிக்கும் கடைசி ஒயரை முதலுக்கும் மாற்றிக் கொடுத்தால் போதுமே என்றேன்.

"அத்தனையும் ஈயத்துல பத்த வெச்சிருக்கு மேடம்" என்றார் ஆரோக்கியம். "எடுத்து மாத்த மூணு மணி நேரம். ஏழு மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூட கமிட்டில குடுக்க மாட்டாங்க."

அட்டைகளைப் புரட்டிப் போடலாமா என்று கேட்டேன். வழிகாட்டித் துளைகள் ஒரு பக்கம் தள்ளி இருப்பதால் புரட்டினால் பெட்டியில் உட்காராது. எனக்குத் தெரிந்தது அத்துடன் தீர்ந்தது.

கஸ்தூரி உள்ளே வந்தார். அவர் வீட்டில் தறி போட்டு நெய்பவர். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் கணவரைப் பார்த்ததும் போய்விட்டது.

"எழை தப்பாப் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"பிரிப்பே."

"எப்டிப் பிரிப்பேன்? அட்டையப் பின்னாடி ஓட்டித்தானே? ஓட்டுங்க பின்னாடி. போன ராஜா திரும்பி வந்துட்டுப் போறான்."

நெய்பவர்களுக்கு இது அன்றாட வேலை. தவறாக நெய்த வரிசையைப் பிரிக்கும்போது அட்டைகளையும் வந்த வழியே திருப்ப வேண்டும். அதற்கென்றே பெட்டியில் ஒரு கயிறு உண்டு. இழுத்தால் அட்டைகளை நகர்த்தும் உருளை எதிர்த்திசையில் சுற்றும். யாரும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே நெய்வதில்லை, அவ்வளவுதான். மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இடவலம் மாறிய படம், காலமும் தலைகீழாக ஓடினால் நட்சத்திரம் இடமிருந்து வலமாகத்தான் போகும். சரியாக வரும் என்றேன். கஸ்தூரி நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. கயிற்றை இழுத்துக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் மிதியில் காலை வைத்தார்.

"நவுருங்க. அட்டை அடிக்கிற கால் அது. நீங்க மிதிச்சா ஒட்டகம் நொண்டும்."

அவர் நகர்ந்தார். நான் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். 6.51.

இடக்கோடியில் விளக்கு எரிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கஸ்தூரியின் கால் தறியில் பழகிய கால். ஒரே சீராக, அவசரமில்லாமல், ஒட்டகங்கள் அறுபது அடியையும் நடந்தன. கூட்டத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள், இன்னும் சேரவில்லை என்பதற்காக. நட்சத்திரம் குடிலுக்கு மேலே வந்து நின்றது.

உடனே எல்லாம் அணைந்தது. மொத்தத் தடுப்பும், ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல்.

"பூட்ச்சா கரண்ட்டு," என்று பின்னாலிருந்து ஒருவர். "இன்னா பேஜாரா போச்சுப்பா." ஜெனரேட்டரை நோக்கி யாரோ ஓடும் சத்தம். அந்த மாதத்து மின்வெட்டில் யாரும் வேறு மாதிரி நினைத்திருக்க மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். எழுந்தும்விட்டேன்.

அப்போது 3,840 பல்பும் ஒன்றாக எரிந்தன.

பிறகு விசாரித்ததில் விஷயம் எளிது. அட்டைச் சங்கிலியில் பயணத்துக்குப் பிறகு முழு வெளிச்சத்துக்கு ஆறு அட்டை, அதன்பின் அடுத்த சுற்றுக்கு இடைவெளியாகத் துளையே இல்லாத நாலு அட்டை வைத்திருந்தார் ஏகாம்பரம். பின்னாலிருந்து ஓட்டியதில் அந்த இருட்டு, வெளிச்சத்துக்கு முன்னால் வந்துவிட்டது. யாரும் அதைத் திட்டமிடவில்லை. ஆனால் நட்சத்திரம் நின்று, ஊரே கரண்ட் போய்விட்டது என்று அலுத்துக்கொண்ட அந்த ஐந்தாறு விநாடிக்குப் பிறகு கீற்றுக் கூரையும் பொம்மைகளும் தெரிந்தபோது, கைதட்டல் எப்படி இருந்தது என்று விவரிக்க எனக்கு வராது. நான் நின்றுகொண்டே தட்டினேன்.

கோயில் கமிட்டியின் பெரியவர் கொட்டகைக்கு வந்து, "அந்த இருட்டு வெச்சே பாரு ஏகாம்பரம், இன்னா மூளைய்யா உனக்கு" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அது தப்புங்க" என்றார் ஏகாம்பரம். "ஓட்டுனது ஊட்டுக்காரி காலு."

ஆரோக்கியம் எழுதிக் கொடுத்த தாளைப் பெரியவர் பையிலிருந்து எடுத்து அவரிடமே நீட்டினார். அவர் அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மிதியின் ஒரு பக்கத்துக்கு முட்டுக் கொடுத்தார். வேலூர்க்காரர் போளூருக்குக் கிளம்பவேண்டியவர், இன்னொரு சுற்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

இரவு எட்டு மணி டவுன் பஸ்ஸில் ஆரணி திரும்பினேன். ஸ்டெல்லாவுக்குத் தொலைபேசியில், தறியில் விளக்கும் ஓடும் என்று ஒப்புக்கொண்டேன். அவர் அதிகம் பேசவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. சீரியல் செட் பற்றிய என் கருத்து பெரிதாக மாறவில்லை. ஆனால் பெருக்கிப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லிவிடக்கூடிய ஒன்றுக்காக நான் இதுவரை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை, மாலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை ஓடுகிறது. ஆரணியில் சேத்துப்பட்டு டவுன் பஸ்ஸில் ஏறி, லைட்டு கோயில் ஸ்டாப் என்று கேளுங்கள். கடைசி பஸ் எட்டு மணிக்கு, தவறினால் ஆட்டோ நூறு ரூபாய்க்குக் குறைய வராது. தனியாகப் போகும் பெண்கள் அறையைப் பகலிலேயே எடுத்துவிடுவது நல்லது. கொசு உண்டு, முழுக்கை போட்டுக்கொள்ளுங்கள். கொட்டகையைப் பார்க்கக் கேட்டால் காட்டுவார்கள், ஆனால் கஸ்தூரி மிதிக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். வலப்பக்கம், குடிலுக்கு எதிரே உட்காருங்கள். நட்சத்திரம் வந்து நின்றதும் எல்லாம் அணையும். கரண்ட் போகவில்லை. பையை எடுக்காதீர்கள்.