மேட்டில் நின்றுபோகும் கார்

அறுபத்து மூன்று வயதில் ஒருத்தி கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றால் என்ன குடியா முழுகிவிடும்? ஊசியம்மா அதைச் சொன்ன அன்றைக்கு அவள் வீட்டில் அப்படித்தான் ஆனது. மகன் சிரித்தான். மருமகள் எதுக்கு அத்தை இந்த வயசுல என்றாள். யாரும் கேட்காமலே எதிர்வீட்டுக்காரர் வந்து, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று எடுத்துவிட்டார். வளைய வேண்டியது ஸ்டியரிங், நான் இல்லை என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாகவே காலம் தள்ளியவள் அவள். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் ஊசியம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பெயர் ஓய்வு பெறவில்லை. கணவருக்குப் பார்வை மங்கி, இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கார் வாசலில் உறை போர்த்திக்கொண்டு கிடந்தது. அதை விற்றுவிடலாம், எங்கே போகணும்னாலும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன் என்றான் மகன். அவன் கூட்டிக்கொண்டு போகிற லட்சணம் அவளுக்குத் தெரியாதா? இந்த ஞாயிறு என்பான், அப்புறம் அடுத்த ஞாயிறு என்பான். சொந்தத் தங்கையைப் பார்க்கக்கூட மகனுக்கு எப்போது ஒழியும் என்று வாய் பார்த்து நிற்க வேண்டும். அவள் பிடித்த பிடியில் நின்றாள். சரி, லைசென்ஸ் வாங்கினால் கார் இருக்கட்டும் என்று அவன் இறங்கி வந்தான். எங்கே வாங்கப்போகிறாள் என்ற தைரியம்தான்.

ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் தங்கமான மனிதர். அதுதான் பெரிய தொல்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், பரிதாபப்படுகிறவரை என்ன செய்வது? கதவைத் திறந்துவிடுவார், பார்த்து உட்காருங்கம்மா என்பார், மூச்சு வாங்குதா என்று விசாரிப்பார். மூச்சு நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. சமதளத்தில் காரும் நன்றாகத்தான் போனது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருக்கும் மேட்டுக்கு வந்தால் மட்டும் ஒரு உதறு உதறிவிட்டு நின்றுவிடும். தினமும் அதே கூத்து.

"வயசாயிட்டா காலுக்கு அந்த நிதானம் வராதும்மா. உங்க தப்பு இல்ல" என்பார் மாஸ்டர்.

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. நாலு பேர் நாலு தடவை சொன்னால் உடம்பும் கேட்டுக்கொள்கிறது, சனியன். நாற்காலியில் உட்கார்ந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுங்குகிற மாதிரிதான் இருந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே, எழுந்திருங்க, நடங்க என்று எத்தனை பேரை விரட்டியிருப்பாள்! அவளே இப்போது மாடிப்படியில் கைப்பிடியை விடாமல் இறங்கினாள். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போவதையும் நிறுத்தினாள். கடைசியில் மகனுக்குப் போன் செய்து, காரை வாங்க ஆள் இருந்தால் கூட்டிக்கொண்டு வா என்றாள். அவனுக்கு வாயெல்லாம் பல். சனிக்கிழமை சாயங்காலமே ஆள் வருகிறது என்றான்.

சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பு மிச்சம் இருந்தது. தொடங்கியதை அரைகுறையாக விடுகிற பழக்கம் இல்லாததால் போனாள். மேடு வந்தது, கார் உதறியது, நின்றது. உதறிய உதறலில் மூக்குக்கண்ணாடி கழன்று கீழே விழுந்தது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு அதை எடுக்கக் குனிந்தாள்.

பழக்கும் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, ஆபத்துக்கு. அதன்மேல் மாஸ்டரின் கால் முழுசாக ஊன்றியிருந்தது. கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்கு ஊன்றியிருந்தது.

"தம்பி, கால எங்க வச்சிருக்கீங்க?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். தன் காலை இன்னொருத்தர் கால் மாதிரி பார்த்தார். சத்தியமாத் தெரியாதும்மா என்றார். பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் ஓட்டும்போது அந்தக் கால் சும்மா கிடக்குமாம். உங்களப் பாத்தா எங்கம்மா ஞாபகம் வந்துடுது, பயந்துட்டேன் போல என்று இழுத்தார்.

ஊசியம்மாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அவர் பிரேக்கை மிதித்ததுகூடப் பெரிசில்லை. அதைத் தன் வயசு என்று அவளே நம்பினாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ரெண்டு காலையும் தூக்கி சீட்டுல வைங்க. சம்மணம் போட்டு உக்காருங்க."

மாஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டார். கார் கிளம்பியது. கொஞ்சம் முனகியது, பிறகு மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு எரிச்சல். ஓரமாக நிறுத்தி மகனைப் போனில் பிடித்தாள். கார் விற்கிறதுக்கு இல்லை, வாங்க வருகிற ஆளை வர வேண்டாம் என்று சொல், அடுத்த வாரம் டெஸ்டுக்குப் போகிறேன் என்றாள்.

மகன் பெருமூச்சு விட்டான். "அம்மா, இன்னும் எத்தன வருஷம் ஓட்டிடப் போற?"

"தெரியாதுடா. வார்டுல எல்லா வயசுலயும் ஆளுங்களப் பாத்துட்டேன், யாருக்கும் தெரியல. உனக்கு எத்தன வருஷம்னு உனக்குத் தெரியுமா?"

 சரி, அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன் என்றான் மகன்.