ஹோல்டு டேக் ஒட்டிய செடி

"அக்கா, இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க."

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வரிதான்.

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். ஞாயிறு காலை, இருங்காட்டுக்கோட்டை வீட்டில். மாரடைப்பு... வயது நாற்பத்து நான்கு.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில், பார்ட்ஸை அளந்து பார்க்கும் அறையில் நான்கு வருடம் எனக்குப் பக்கத்து மேசை. நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்காவின் மேசையில் ஒரு ஃபிட்டோனியா இருக்கும். உள்ளங்கை அளவு செடி, பச்சை இலையில் வெள்ளை நரம்புகள். ஈரக்காற்றில் வாழ வேண்டிய அதை, நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் வைத்து வளர்த்தார்.

"வூட்ல வெச்சா பூனை பிச்சிப் போடுது. நான் இன்னா பண்றது?"

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு திங்கட்கிழமை, செடி மொத்தமும் சரிந்து தொட்டி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. செத்துவிட்டது என்று நினைத்து ஸ்கிராப் டப்பாவில் போட்டுவிட்டேன்.

அக்கா வந்து முதலில் அதை வெளியே எடுத்தார். "இன்னாடி இது, செக் பண்ணாமலே ரிஜெக்டா? நீயெல்லாம் குவாலிட்டில கீற!"

மண்ணில் விரலை வைத்துப் பார்த்தார். தண்ணீர் ஊற்றினார். பிறகு டிராயரிலிருந்து மஞ்சள் ஹோல்டு டேக் ஒன்றை எடுத்துத் தொட்டியில் ஒட்டினார். சந்தேகமான பார்ட்டுக்கு ஒட்டுவது அது. மறுபடி பார்க்கும்வரை பாஸும் இல்லை, ரிஜெக்டும் இல்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் செடி நிமிர்ந்து நிற்கிறது! அக்கா டேகைப் பிய்த்தார்.

"மயக்கம் போட்டு சீன் காட்டுவா. தண்ணி ஜாஸ்தியானாலும் இப்படித்தான் படுத்துக்குவா, அதனால மண்ணைத் தொட்டுப் பாக்காம ஊத்தாத."

அதன் பிறகு பார்ட்ஸ் வரும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைச் செடிமேல் கவிழ்த்து வைத்தோம். உள்ளே முத்து முத்தாக நீர் கோக்கும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கொஞ்சம் திறந்து வைப்போம்.

"நம்ம ரூம்ல இவளுக்கு மட்டும்தான்டி மழை சீசன்" என்பார் அக்கா.

மூன்று வாரம் முன்பு, குவாலிட்டி ஆடிட் நடந்த வாரம். அக்கா எழுந்தவர் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த ஏசியிலும் முகமெல்லாம் வியர்வை.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். டிராயரைத் திறந்து மஞ்சள் டேக் ஒன்றை எடுத்துத் தன் ஐடி கார்டில் ஒட்டிக்கொண்டார்.

"என்னை ஹோல்டுல போட்டாச்சு. பாத்துக்கினே இரு, எழுந்துக்குவேன்."

நான் சிரித்தேன். "ஆடிட் முடியட்டும்க்கா, அப்புறம் மயக்கம் போடுங்க" என்றும் சொன்னேன்.

ஆடிட்டர் முன்னால் தனியாக நிற்க எனக்குப் பயம். அதுதான் உண்மை.

அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டார். மறுநாள் ஆடிட்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார். டாக்டர் பேச்சை அதற்குப் பிறகும் நான் எடுக்கவில்லை...

நேற்று அடக்கம். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

போய் வாங்க அக்கா.

இன்று காலை ஷிப்டுக்குப் போனேன். சுத்தம் செய்தவர்கள் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள். செடி சரிந்து கிடந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி, பெட்டியைக் கவிழ்த்து, டேக் ஒட்டினேன்.

மதியம் ஒன்றரை மணிக்குச் செடி நிமிர்ந்துவிட்டது. டேகை எடுத்துவிட்டேன்.