நான்கு வண்ண நூல்

போன வாரம் சேலையூரில் என் தங்கை மகனுடைய காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்ற ஒரு மெக்கானிக் வந்திருந்தார். இப்போது போனில் கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார்கள். பழைய பிளக்கைக் கழற்றித் தரையில் வைத்ததும் கருகிய பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது. சும்மா இருக்க மாட்டாமல், "வயரு மாறிடாம பாத்துக்கப்பா" என்றேன்.

"வயரே கிடையாது அங்கிள். ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில்."

எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். தெரியாததற்குத் தலையாட்டுவது எனக்குப் பழைய வியாதி.

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். கோவளம் பக்கம் உப்பு வாரினேன், பல்லாவரத்தில் ஜல்லி உடைத்தேன், லாரியில் கிளீனராகத் திரிந்து எப்படியோ லைசென்ஸ் வாங்கினேன். ஓரிடத்தில் ஆறு மாதம் தாண்டினால் கால் அரிக்கத் தொடங்கிவிடும். ஆனால் எழுபதுகளில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டில் மட்டும் ஒன்றரை வருஷம் பிக்கப் வண்டி ஓட்டினேன். பெரிய விசுவாசம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து அந்த வீட்டு ஸ்டெல்லா அக்கா வைக்கும் கறிக்குழம்புதான் காரணம்.

வண்டி அக்காவின் அப்பா விட்டுப் போனது. வண்டலூர் தாண்டி ஒரு கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றிக் கடைகளுக்குப் போடுவேன். அப்போது அங்கே மிருகக்காட்சிசாலை வரவில்லை. ரோட்டின் இரு பக்கமும் புளியமரம். அக்காவின் கணவர் பால்ராஜ் சார் மின்சார ரயிலில் கோட்டைக்கு ஆபீஸ் போவார். அக்கா வீட்டில் பள்ளிக்கூட யூனிபாரம் தைப்பார். எஞ்சினைப் பற்றி எங்கள் இருவரையும் விட அக்காவுக்குத்தான் அதிகம் தெரியும். அப்பாவோடு பானெட்டுக்குள் தலையை விட்டு வளர்ந்தவர்.

எஞ்சினில் பொறி விட நான்கு பிளக், அவற்றுக்குக் கரண்டு கொண்டுவர நான்கு வயர். எந்த வயர் எந்தப் பிளக்குக்கு என்பது மாறினால் வண்டி ஓடாது. அவர் அப்பா சாக்பீஸால் எண் எழுதுவாராம். எண்ணெய் பட்டு அழிகிறதென்று அக்கா தையல் நூலுக்கு மாறினார். முன்னாலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. ஒவ்வொரு வயரின் கழுத்திலும் மூன்று சுற்று, ஒரு முடிச்சு.

ஒருநாள் ஸ்டேஷன் பக்கம் பானெட்டைத் திறந்தபோது டாக்சிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டார். "இன்னாடா, வண்டிக்கு வளைகாப்பா? எத்தினி மாசம்?" என்றார். ஸ்டாண்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே அது முள்ளாகத் தங்கிவிட்டது.

அந்த வருஷம் அக்கா லைசென்ஸ் எடுக்க ஆசைப்பட்டார். சாயங்காலங்களில் மைதானத்தில் ஓட்டுவார், பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். என்னைவிடப் பதமாக கியர் போடுவார். அவருக்கு லைசென்ஸ் வந்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை என்ற கணக்கும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சாருக்கு இதில் இஷ்டமில்லை. ஒரே ஒரு நாள் லீவு போட்டுக் கூட வருவேன், அதற்கு மேல் இந்தப் பேச்சே கூடாது என்று சொல்லியிருந்தார்.

செங்கல்பட்டில் ஒன்பதரைக்கு டெஸ்ட். முந்தின நாள் வண்டி திக்கித் திக்கி வந்ததால், காலையில் வாசலில் நிறுத்திப் புது பிளக் போட உட்கார்ந்தேன். ஒன்றைக் கழற்றி மாட்டிவிட்டு அடுத்ததைத் தொட வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் முதலில் பிளேடை எடுத்து நான்கு நூலையும் அறுத்தேன். பிறகு நான்கு வயரையும் ஒரே மூச்சில் பிடுங்கினேன். இனிமேல் எவனும் வளைகாப்பு என்று கேட்கக் கூடாதல்லவா?

புது பிளக்கெல்லாம் மாட்டிச் சாவியைத் திருப்பினேன். சைலன்சரில் 'டப்' என்று வெடித்தது. மறுபடி திருப்பினால் மறுபடி 'டப்'. இஸ்திரி போட்ட சட்டையோடு சார் வெளியே வந்தார். பின்னால் அக்கா, சர்ச்சுக்குக் கட்டும் நீலப் புடவையில். என்ன ஆச்சு என்று சார் கேட்டார்.

"அக்கா நூலை மாத்திக் கட்டிட்டாங்க சார்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

சார் அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இது தையல் மிஷினா, ஸ்டெல்லா? ஒரு வயரே ஒழுங்கா கட்டத் தெரியல, நீ ரோட்டுல வண்டி ஓட்டப் போறியா?"

அக்கா வண்டிக்கு முன்னால் வந்தார். பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார். வயரில் நூல் இல்லை. பிறகு கீழே பார்த்தார். என் செருப்புக்குப் பக்கத்தில் நான்கு நிறமும் கிடந்தன.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சார் மணி பார்த்துவிட்டு, லீவை வீணாக்க வேண்டாமென்று ஆபீசுக்குக் கிளம்பிப் போனார்.

அதற்கப்புறம் அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வயர்களை மாற்றி மாட்டினார். மூன்றாவது முயற்சியில் வண்டி சுத்தமாகப் பிடித்தது. அப்போது மணி பத்தரை.

"மூணாவதும் நாலாவதும்தான் மாறியிருந்துச்சு, தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. அறுந்த நூல்களைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் சார் வந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். சாரும் வந்தார், சாப்பிட்டார், நியூஸ் கேட்டார். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். வேண்டுமென்றா செய்தேன்? இல்லை என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அக்கா எனக்குக் குழம்பு ஊற்றினார். மாதம் முடியுமுன் கால் அரிக்கிறதென்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். அதுவரை அந்த வீட்டில் லைசென்ஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வண்டி நின்ற வாசலில் இப்போது நான்கு மாடி நிற்கிறது. புளியமரங்கள் போயாயிற்று. கடைசியில் வயரும் போய்விட்டதாம். இனி யாரும் மாற்றி மாட்ட முடியாது, நல்லதுதான். மெக்கானிக் பத்தே நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார். அவர் கிளம்பிய பிறகு காரடியில் குனிந்து பார்த்தேன். தரையில் ஒன்றுமே கிடக்கவில்லை.