இலையை மடிக்காத அண்ணாச்சி

இன்று மதியம் கோட்டாற்றில் ஒரு கல்யாணப் பந்தியில் அகப்பட்டுக்கொண்டேன்.

பந்தியில் மூத்தவர் இலையை மடிக்காமல் வேறு யாரும் எழும்பக் கூடாது. இன்றைய மூத்தவர் என் பக்கத்து இலை. திருவனந்தபுரம் சர்க்காரின் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

பருப்பு வந்தபோது தன் கையெழுத்தின் அழகைப் பற்றித் தொடங்கினார். அவியலுக்குத் தன் தலைமுடி. பாயசத்துக்கு மறுபடியும் கையெழுத்து.

“நம்ம தாலுகா தமிழ்நாட்டோட சேந்துட்டா, எனக்க கையெழுத்து இல்லாம திருவனந்தபுரத்துக்காரன் என்ன செய்வான் மக்கா?”

அவர் இலையில் பாயசம் அப்படியே கிடந்தது. எங்கள் கைகளில் சோறு காய்ந்தது. மூன்று மணி பஸ்ஸை நான் பிடித்தாக வேண்டும்.

“அண்ணாச்சி, எனக்க அக்கா நெய்யூர் ஆஸ்பத்திரியில கெடக்கா. நாளைக்கு வயித்துல ஆப்பரேஷன். இண்ணைக்கே பாக்கணும்” என்றேன்.

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“ஆப்பரேஷனா? எனக்குக் குடலிறக்கம் கீறினப்ப டாக்டரே அசந்துட்டாரு, தெரியுமா?”

அதைச் சொல்லி முடிக்க அவருக்கு இன்னும் இரண்டு கரண்டி பாயசம் தேவைப்பட்டது.

ஒருவழியாக இலையை மடித்தவர், “உங்கிட்ட பேசிட்டிருந்ததுல நேரம் போனதே தெரியல்ல” என்றார்.

அடுத்த பஸ்ஸில் நெய்யூர் போய் இறங்கியபோது நோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிந்திருந்தது.

இதை நம் வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். மூத்தவருக்கு முன் இலையை மடித்த துணிச்சல்காரர் நம்மில் யாராவது உண்டா? இருந்தால் கீழே கையெழுத்துப் போடுங்கள்.

அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை.