தள்ளாமல் ஏறும் சாய்வு

வாக்குச்சாவடிகளை அளக்க எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள், என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று கேட்பார்கள். டேப், ரசமட்டம், சாக்பீஸ், போன், குடிக்கத் தண்ணீர். இவ்வளவுதான். அளக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். அது ஏன் போதாது என்பதற்காக இந்தக் குறிப்பு.

1. முதல் சாவடி

நான் படித்தது சிவில் டிப்ளமா. வடசேரியில் ஒரு கட்டட அலுவலகத்தில் சைட் இன்ஜினியர் வேலை. மாற்றுத்திறனாளிகள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னக் குழு, தேர்தலுக்கு முன்னால் சாவடிகளைப் பார்வையிட ஆள் தேடியது. அவர்களிடம் மனு எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அளக்கத் தெரிந்தவர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஒரு நாள்தானே என்று போனேன்.

முதல் சாவடி இரணியல் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பழைய ஓட்டுக் கட்டடம், கருங்கல் அடித்தளம், முன்னால் வராந்தா. வராந்தாவுக்கு ஏற மூன்று படி. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். சக்கர நாற்காலி ஏறும் சாய்வுக்குக் கணக்கு எளிது: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். அப்படியானால் இங்கே பதினெட்டு அடி வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சாவடிகள் எல்லாருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. இங்கே சாய்வே இல்லை.

நான் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது சக்கர நாற்காலியில் ஒருவர் கேட்டைத் தாண்டி வந்தார்.

"ஏட்டி, என்னத்த அளக்குத?"

"ஓட்டுப் போட வாறவங்க ஏற சாய்வு வேணும்லா அக்கா. அதுக்கு."

"வாறவங்கன்னா யாரு? இந்தச் சாவடியில சக்கரத்துல வாறது நான் ஒருத்திதான். எனக்கிட்ட கேக்காம என்னத்த அளக்குத?"

அவர் சுயம்புகனி அக்கா. அதே தெருவில் தையல் கடை. சிறு வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் போய்விட்டன. கைகளுக்கு மட்டும் நல்ல பலம்.

2. தூக்குகிறவர்கள்

இதுவரை எப்படி ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன். நான் எதிர்பார்த்த பதில், தம்பியோ தங்கையோ தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது. அக்கா சிரித்தார்.

"கட்சிக்காரனுவதான். ஓட்டு அன்னைக்குக் காலத்தயே கடை வாசல்ல வந்து நிப்பானுவ. ரெண்டு கட்சிப் பயலுவளுக்கும் போட்டி. யாரு முந்துறானோ அவன் நாற்காலியோட தூக்கிருவான். அரிசிமூடை தூக்குற மாதிரி. வரிசையில நிக்குற ஆளெல்லாம் பாத்துச் சிரிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. தூக்கினவனுக்க கணக்குல நான் ஒரு ஓட்டு. பொத்தான அமுக்கிட்டு திரும்பினா, கதவுக்கிட்ட நின்னு பாத்து இளிக்கான். ஒரு தடவ தூக்கினவனுக்க கட்சி தோத்துப் போச்சு. மறுநாள் கடைக்கு வந்து கேக்கான், 'ஒன்னத் தூக்கி எனக்க நடுமுதுகே ஒடிஞ்சு போச்சு, நீ மத்தவனுக்கா குத்தின?' ன்னு."

நானும் சிரித்துவிட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"எனக்கிட்ட ஒருத்தனும் இதுவர ஓட்டுக் கேட்டதில்ல பிள்ள. எதுக்குக் கேக்கணும்? தூக்கினாப் போதும்லா. ஒரு தடவையாவது நான் ஒத்தைக்கு உள்ள போய், ஒத்தைக்கு வெளிய வரணும். யாருக்குப் போட்டேன்னு ஒருத்தனுக்கும் தெரியப்படாது."

ஒரு நாள் என்று போனவள் தொடர்ந்து போகத் தொடங்கியது இதனால்தான்.

3. வீட்டுக்கு வரும் ஓட்டு

படமும் அளவும் வைத்து மனு எழுதிக்கொண்டு நானும் அக்காவும் தேர்தல் பிரிவுத் துணை வட்டாட்சியரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர். உட்கார வைத்துப் பேசினார்.

"எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்? 12டி படிவம் இருக்கு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா உங்க வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிட்டுப் போயிருவோம்."

12டி நல்ல ஏற்பாடு. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு நானே பிறகு பல படிவங்கள் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் அந்தத் தேர்தலில் சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது.

அக்கா கேட்டார்: "வீட்டுக்கு யாரெல்லாம் வருவாவ சார்?"

"ரெண்டு அலுவலர். வீடியோ எடுக்க ஒருத்தர். ஒரு போலீஸ். கட்சி ஏஜெண்டுங்க வேணும்னா கூட வரலாம்."

"எனக்க வீடு ஒத்த முறி, ஒரே ரூமாக்கும். இவ்வளவு பேரு வந்தா தெருவே கூடிரும். கலியாண வீடுன்னு நெனச்சு இலை போடச் சொல்லுவாவ. வேண்டாம் சார். எனக்கு முடியாதுன்னா நான் கேப்பேன். எனக்கு முடியும். ஒங்க படிதான் முடியாம கெடக்கு."

அவர் மனுவை வாங்கி முத்திரை போட்டார். பார்க்கிறேன் என்றார்.

படிவம் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. நான் தையல் கடைக்குப் போய், சாய்வு வராவிட்டால் என்ன செய்வது, எதற்கும் கையெழுத்துப் போட்டு வைக்கலாமா என்று கேட்டேன். அக்கா ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"சாய்வு வரல்லன்னா நான் போவல்ல. தூக்கவும் விடமாட்டேன். இந்தத் தடவ எனக்கு ஓட்டு இல்லன்னு வச்சுக்கிடுவேன்."

நாள் கடந்துவிட்டது. இனி அந்தப் பள்ளிக்கூடத்துப் படிகள் மட்டும்தான் வழி.

4. ஸ்கூட்டர் சாய்வு

சில நாளில் அக்காவின் போன். "சாய்வு போட்டாச்சு, வந்து பாரு." குரலில் சந்தோஷம் இல்லை.

போய்ப் பார்த்தேன். படிகளின் ஒரு பக்கத்தில் வழவழவென்று சிமென்ட் பூசி ஒரு சறுக்கு. நீளம் நாலரை அடி. ஒன்றரை அடி உயரத்துக்கு நாலரை அடி.

எங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். வீட்டை உயர்த்திக் கட்டுவோம். சிட்அவுட் என்னும் முன்திண்ணைப் படிக்கட்டின் ஓரத்தில் ஸ்கூட்டரை உள்ளே ஏற்ற ஒரு சறுக்கு இருக்கும். முதல் கியரில் ஒரு முறுக்கு முறுக்கினால் வண்டி ஏறிவிடும். இங்கே எந்தக் கொத்தனாரிடம் சாய்வு என்று சொன்னாலும் கை தானாக இதைத்தான் போடும்.

போட்டவர் ஏசுவடியான் கொத்தனார். அங்கேதான் மிச்ச மணலை அள்ளிக்கொண்டிருந்தார். அளவைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பதினெட்டு அடியா? ஏரோப்பிளேன் இறக்கப் போறியளா? நான் எத்தன வீட்டுக்குப் போட்டிருக்கேன் தெரியுமா? ஒரு வண்டி ஏறல்லன்னு ஒருத்தன் சொன்னதில்ல."

"அது வண்டி அண்ணே. அதுக்கு எஞ்சின் உண்டு."

"இதுக்குப் பின்னால ஆளு உண்டுல்லா. ஒரு தள்ளு தள்ளினா ஏறாதா?"

துணை வட்டாட்சியருக்குப் போன் செய்தேன். "ரேம்ப் உண்டுன்னு ரிப்போர்ட் போயாச்சும்மா" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ரிப்போர்ட்டில் கேட்டிருந்தது உண்டா, இல்லையா என்பது மட்டும்தான். எத்தனை அடி என்று யாரும் கேட்கவில்லை.

5. ஏறிக் காட்டியது

அன்று மாலையே மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு முறையீடு அனுப்பினோம். நான் வைத்த இணைப்புகள்: டேப் ஓடும் சாய்வின் படம், இப்போதுள்ள அளவு, வேண்டிய அளவு, ஒரு பக்க வரைபடம். கோபமாக ஒரு சொல்கூட எழுதவில்லை. குழுவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அளவோடு எழுதியதை ஓரமாக வைத்துவிட முடியாது என்பது சைட்டில் நான் கற்றது.

சாய்வை நேரில் பார்த்து வரும்படி துணை வட்டாட்சியரிடம் சொன்னார்கள். அவர் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அக்கா சாய்வின் அடியில் நாற்காலியை நிறுத்தியிருந்தார். "யாரும் தொடப்பிடாது" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தை அழுத்தினார். முன்சக்கரங்கள் ஏறின. பின்சக்கரங்கள் ஏறின. பாதியில் நின்றுவிட்டது. கை நரம்பெல்லாம் புடைத்தது. இன்னும் ஓர் அழுத்து. நாற்காலியின் முன்பக்கம் தரையைவிட்டுத் தூக்கியது. அக்கா பின்னால் சாய்ந்தார். நான் எட்டுவதற்கு முன்னால் கொத்தனார் பாய்ந்து பிடித்துவிட்டார்.

 துணை வட்டாட்சியர் கிட்டே வந்தார்.

"வாலண்டியர் பிள்ளைங்க இருப்பாங்கம்மா. தள்ளி விடச் சொல்றேன்."

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "சாரே, நீங்க ஓட்டுப் போடப் போவும்போ ஒங்களத் தள்ள ஆளு உண்டா?"

அவர் சாய்வை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கொத்தனார் நாற்காலியின் கைப்பிடியை இன்னும் விடாமல் நின்றார்.

"சார், நான் யாராவது தள்ளுவாவன்னு நெனச்சாக்கும் போட்டேன். இந்தப் பிள்ள ஒத்தைக்கு ஏறணும்னு எனக்கிட்ட யாரும் சொல்லல்ல."

உண்மைதான். வேலை உத்தரவில் 'சாய்வு' என்று ஒரு சொல் இருந்தது. ஏறப்போகிறவர் அதில் இல்லை. நானும் அக்காவிடம் கேட்காமல்தான் முதல் நாள் கோடு போட்டேன்.

"இனி நாள் இல்லையேம்மா. கான்கிரீட் போட்டா இறுகணுமே" என்றார் துணை வட்டாட்சியர். குரல் மாறியிருந்தது. முடியாது என்பதிலிருந்து எப்படி என்பதற்கு வந்திருந்தார்.

6. வேலை

கான்கிரீட் வேண்டாம் என்றேன். இரண்டு ஓரமும் செங்கல் கட்டு, நடுவில் கிராவல் நிரப்பித் திமிசு போட்டு இடித்து, மேலே இன்டர்லாக் கல். பஞ்சாயத்துத் தெரு வேலையில் மிஞ்சிய கற்கள் கிடந்தன. எடுத்துக்கொள்ளத் துணை வட்டாட்சியரே பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

பதினெட்டு அடி நேராகப் போக இடமில்லை, குழாயடி குறுக்கே வந்தது. ஒன்பது அடி ஏறி, நாற்காலி திரும்ப ஒரு சமதளம், பிறகு ஒன்பது அடி. ஓரத்தில் பைப் கைப்பிடி. எங்கள் குழுவில் கை நன்றாக இருந்தவர்கள் கல் எடுத்துக் கொடுத்தார்கள். கண் தெரியாத ஒரு தோழர் உள்ளங்கையால் தடவித் தடவி, எந்தக் கல் தூக்கி நிற்கிறது என்று சொன்னார்.

முதல் பாதி முடிந்ததும் கொத்தனார் அக்காவை ஏறிப் பார்க்கச் சொன்னார். இரண்டாம் பாதியில் கிராவல் ஓரிடத்தில் அமுங்கியது. நான் எதுவும் சொல்வதற்கு முன் அவரே கல்லைப் பெயர்த்து மறுபடி இடித்தார்.

"சுயம்பு, இப்ப ஏறு. பைய. கைக்கு எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு கொத்தனாரே. ஒமக்க ஏரோப்பிளேன் எப்ப வருது?"

"வாய் மட்டும் குறையாது ஒனக்கு" என்று அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

7. வாக்குப்பதிவு நாள்

நான் என் ஊரில் சீக்கிரமே ஓட்டுப் போட்டுவிட்டு இங்கே வந்தேன். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றேன். அங்கிருந்தே பள்ளிக்கூட வாசலும் வராந்தாவும் தெரியும்; அங்கே பேசியதை வரிசையில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள்.

அக்கா நீலச் சேலையில் வந்தார். கட்சிப் பையன் ஒருவன் வழக்கம்போல் கடை வாசலிலிருந்தே கூட வந்துகொண்டிருந்தான். அவனுக்கும் அதே சாவடியில்தான் ஓட்டு. சாய்வின் அடியில் வந்ததும் நாற்காலியின் பின்னால் கை வைத்தான்.

"தள்ளட்டா அக்கா?"

"கைய எடு மக்கா."

"சும்மா ஒரு தள்ளுக்கா. ஒனக்கு எதுக்கு வருத்தம்?"

"எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ போய் வரிசையில நில்லு. ஒனக்க ஓட்ட நீ போடு, எனக்க ஓட்ட நான் போடுகேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு பையனைப் பார்த்து.

அக்கா ஏறினார். சமதளத்தில் நின்று மூச்சு விட்டார். திரும்பினார். மறுபடி ஏறினார். வராந்தாவில் ஏறிக் கதவுக்குள் மறைந்தார். அவர் வெளியே வரும்வரை நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எழுத எதுவும் இல்லை, அளவெல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே வந்து சாய்வில் இறங்கி, விரல் மையைக் காட்டக்கூட நிற்காமல் என்னைத் தாண்டிப் போனார். "கடையில ரெண்டு ரவிக்க பாக்கி கெடக்கு" என்றார். யாருக்குப் போட்டார் என்று எனக்கும் தெரியாது. கேட்கவில்லை.

இப்போது புதியவர்களிடம் நான் சொல்வது இதுதான். சாய்வு உண்டா என்று எழுதாதீர்கள். அந்தச் சாவடியில் சக்கரத்தில் வருகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள். அவர் யார் கையும் படாமல் ஏறி இறங்கினால் மட்டும் 'உண்டு' என்று எழுதுங்கள்.

அடுத்த தேர்தல் பேச்சு ஊரில் தொடங்கியபோது அக்கா போன் செய்தார்.

"ஏட்டி, நேத்து ஒரு கட்சி கடைக்கு வந்துச்சு. இன்னைக்கு மத்த கட்சி. ரெண்டு பேரும் ஸ்டூலப் போட்டு இருந்து ஓட்டுக் கேட்டாவ."

"நீங்க என்ன சொன்னிய?"

"ரேஷன் கடையில நாலு படி இருக்குன்னு சொன்னேன். ரெண்டு பேரும் சரின்னு தலையாட்டிட்டுப் போயிருக்கானுவ. யாரு செய்யான்னு பாப்பம்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

"ஆராதன முடிஞ்சு வா. நான் கடைவாசல்ல நிப்பேன். நானில்லாம அளக்கப்பிடாது, கேட்டியா?"