நாலு மூட்டைக்கும் ஒரே முடிச்சு

டிரைவர். கண்டக்டர். பாத்திர வியாபாரி பாய் ஒருவர். ஜன்னலோரம் ஒரு வாத்தியார். என் மனைவி தனம். நான். அந்த பஸ்ஸில் மற்றவர்கள் முகம் நினைவில்லை.

எழுபதுகளில் ஒரு தை மாதம். தாலுகா விட்டுத் தாலுகா அரிசி கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. ஆளுக்கு ஐந்து கிலோ விடுவார்கள். ஆரணியில் எங்கள் ரேஷன் கடைக்கு அரிசி வந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. நான் பட்டு நெய்கிறவன். வீட்டில் மூன்று பிள்ளைகளும் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். தனம் தெள்ளார் பக்கம் போய் அறுப்பு அறுத்தாள். கூலி நெல்தான். குத்தியதில் இருபது கிலோ அரிசி. அவளை அழைத்துவர நான் போனேன்.

காலை ஏழு மணிக்கு வந்தவாசியில் பஸ். ஆரணிக்கு இருபத்தைந்து மைல். டிக்கெட் ஒன்றரை ரூபாய். வழி முழுக்க இரண்டு பக்கமும் நெல்.

சேத்துப்பட்டு தாண்டியதும் கண்டக்டர் திரும்பினார். "செக்போஸ்ட்டு வருது. ஜல்தியா பிரிச்சுக்குங்க."

அந்த வழியில் இது வழக்கம். அரிசி இல்லாதவர்கள் மடி கொடுப்பார்கள். தனம் நாலு சின்ன மூட்டையாகவே கட்டியிருந்தாள். பாய் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வாத்தியார் ஒன்று. எங்களுக்கு ஆளுக்கு ஒன்று.

செக்போஸ்ட்காரர் ஏறினார். மூட்டைகளையே பார்த்தார். நாலும் அரக்குப் பட்டு நூலில் கட்டியிருந்தது. தறியில் அறுந்த இழைக்குப் போடுகிற முடிச்சு. எதைக் கட்டினாலும் எங்கள் கைக்கு அதுதான் வரும்.

"இன்னாய்யா, அல்லா மூட்டையும் ஒரே முடிச்சு? அல்லாருக்கும் ஒரே மாமியார் வூடா?"

"ஆமாங்க. வாத்தியாரு என் சகலதான்" என்றார் பாய்.

பஸ்ஸே சிரித்தது. செக்போஸ்ட்காரர் சிரிக்கவில்லை. நாலையும் கீழே இறக்கினார்.

"எங்க ரெண்டு பேருதாவது குடுங்க. சட்டந்தானே" என்றேன்.

"கடத்திகினு வந்துட்டு சட்டம் பேசறியா? கேஸ் எழுதட்டா?"

அப்போது லாரி ஒன்று வந்தது. தார்ப்பாய்க்கு அடியில் மூட்டைகள். அரிசி சிந்திக்கொண்டே வந்தது. கம்பத்தைத் தூக்கி விட்டார்கள்.

தனம் இறங்கிப் போனாள். "அதுல போறது இன்னா, உமியா?"

"அதுக்கு பர்மிட் கீதும்மா."

"எங்கிட்டயும் கீது, பாரு." இரண்டு உள்ளங்கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அரிவாள் வெட்டு ஆறவில்லை.

பார்த்தார். "ஏறும்மா. பஸ்ஸு நிக்குது."

ஒன்பதரைக்கு ஆரணி. வெறுங்கையோடு இறங்கினோம்.

"புள்ளைங்க கேக்கும். இன்னான்னு சொல்றது?" என்றாள்.

ஊர் முழுக்க நெல் அவிக்கிற வாசம். வெளியூர்க்காரர்கள் ஆரணிக்கு வந்தால் பட்டும் அரிசியும் வாங்கிப் போகிறார்கள். நெய்ததை நாங்கள் உடுத்தியதில்லை. அது போகட்டும். அறுத்ததையும் தின்னக் கூடாதாம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் ரைஸ் மில்களை எண்ணிக்கொண்டு நடந்தேன்.

பதினொன்று.