அப்பாவின் காலடியில் குவிந்த மீன்

ஜெர்மனியின் எசன் நகரக் கால்வாய்ப் படகுகளின் ஈரக்கயிறு மணத்தால் போதும், தொண்ணூறுகளில் மேல்வீட்டுப் பிரேசில்காரர் எங்களைக் கூட்டிப்போன அவருடைய சின்னக் கடற்கரை ஊருக்கு நான் போய்விடுவேன். மார்கழியிலும் கால் சுட்ட அந்த மணலை இன்று ஹோட்டல்கள் மூடிவிட்டன. அன்று அங்கே பாட்டும் இரைச்சலுமாகக் கரைவலை இழுத்தார்கள். மன்னாரில் கடற்றொழில் செய்து, எசனில் உணவகக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அப்பா, யாரும் கூப்பிடாமலே, பாஷை தெரியாமலே, கயிற்றை இடுப்பில் தாங்கி, கடலைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்து சாய்ந்து அவர்களோடு நடந்தார். வலை கரையேறியதும் அதன் சொந்தக்காரர், எல்லோருக்கும் போட்ட அதே அளவு மீனை அப்பாவின் காலடியிலும் குவித்தார்.

"அப்பா, சம்பளம் தந்திட்டினம்!" என்று கத்தினேன்.

அப்பா நிமிர்ந்து நின்றார். எசனில் அவரை அவ்வளவு உயரமாக நான் கண்டதில்லை.

"சம்பளமில்லை பிள்ளை," என்றார். "பங்கு."